நிழலுக்குப் போட்ட துண்டு

இன்னும் வரவில்லை. மிருதுளா இன்னும் பார்க் பேண்டு மேடைப் பக்கத்திலேயே குனிந்து நிற்கிறாள், கையில் சுண்ணாம்புத்தூள் வாளி, அவளைச் சுற்றி ஒரு கூட்டம், ஆளாளுக்குக் கையை நீட்டி அங்கிட்டுப் போடு இங்கிட்டுப் போடு என்று கத்துகிறார்கள், அவளும் சளைக்காமல் சிரிக்கிறாள். அங்கே முடித்து, அல்லிக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம்தான் இந்த நீரூற்றுக்கு வருவாள். அதற்குள் நான் ஒன்று செய்தாக வேண்டும். செய்வேனா? செய்ய மாட்டேன், என்னை எனக்குத் தெரியாதா. ஜெயக்கொடி என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள், இதுவரை ஜெயித்தது ரேஷன் கடைச் சண்டை ஒன்றுதான், அதுவும் எதிராளிக்குத் தொண்டை கட்டியிருந்த நாளில். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆடிக்காற்று புழுதியை வாரிச் சேலையில் அடிக்கிறது. யூனிஃபார்ம் சேலை, மாம்பழக் கலர், ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் மேலே கடைக்குப் போனதும் கேட்பார்கள். என் காலடியில் என் கர்ச்சீப் கிடக்கிறது, நீலப்பூ போட்டது, பறக்காமல் இருக்க நாலு முனையிலும் கல் வைத்தது நானேதான். அது கிடக்கிற இடத்தைச் சுற்றித்தான் அந்தப் பெண் கோடு போடுவாள். கோடு போட்ட இடத்தில்தான் பெஞ்சு வரும். கருங்கல் பெஞ்சு, இந்த மொட்டை வெயிலில். அதில் மாவை ஊற்றினால் தோசை எழும்பி வரும், உட்கார்ந்தால் நான் எழும்பி வருவேன். ஒருமுறை போட்ட கல்லை யார் பெயர்த்து நகர்த்தப்போகிறார்கள், இனி என் காலத்துக்கும் அது அங்கேதான், என் பெயரைச் சொல்லிக்கொண்டு.

நிழல் இதோ இருக்கிறது. பாதை ஓரம், எட்டி நடந்தால் போச்சு. வெள்ளைக்காரன் காலத்துத் தூங்குமூஞ்சி மரம், பந்தல் போட்ட மாதிரி கிளையை விரித்துக்கொண்டு, சாயங்காலம் ஆனால் இலையை மூடிக்கொண்டு தூங்கும், பகல் முழுக்க ஊருக்கு நிழல் கொடுக்கும். அதன் அடியில் ஒரு சாண் இடம் மிச்சமில்லை. துண்டு. எங்கே பார்த்தாலும் துண்டு. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைத் துண்டு, பச்சைக்கரை போட்டது. யாருடையது என்று கேட்கவே வேண்டாம், காலையில் இங்கே கையை வீசிக்கொண்டு நடக்கிற ஆண்கள் இருக்கிறார்களே, நடைப்பயிற்சிச் சங்கம், அவர்கள் ஆண்டுவிழாவில் ஆளுக்கொன்று போர்த்திக்கொண்ட துண்டு. தலைவர் சங்கிலிமுத்து, போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவரே முன்னால் நின்று வரிசையாக விரித்திருக்கிறார். கோணல் இல்லை, மடிப்பு இல்லை, ஸ்டாம்பு ஒட்டியது போல ஒட்டிவைத்திருக்கிறார். எரிகிறது எனக்கு. ஒரு துண்டை மட்டும், ஒரே ஒரு துண்டை, ஓரத்தில் கிடக்கிற அந்தக் கடைசித் துண்டை, காலால் லேசாக ஒரு தள்ளு. கர்ச்சீப்பை அங்கே விரிக்க அது போதும். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாதுதான், ஆனால் எனக்குத் தெரியுமே. கால் எழ மாட்டேன் என்கிறது. இந்த ஊரில் அடுத்தவர் நிலத்தில் வேலியைத் தள்ளிப் போட்டவர்கள் உண்டு, அண்ணன் தம்பி சொத்தை அமுக்கியவர்கள் உண்டு, அடுத்தவர் போட்ட துண்டை எடுத்தவர் உண்டா? நான் பார்த்ததில்லை.

பாவம், மிருதுளாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் அப்பா அம்மா தமிழ்தான், வளர்ந்தது படித்தது எல்லாம் பெங்களூர், பூங்கா வடிவமைக்கிறதுக்கே தனிப் படிப்பு படித்துவிட்டு வந்திருக்கிறாள். போன ஞாயிறு பேண்டு மேடையில் ஏறி நின்று சொன்னாள், நான் முதல்ல படம் வரைய மாட்டேன், நீங்கதான் வரையணும், உங்களுக்கு எங்க உட்காரணும்னு தோணுதோ அங்க உங்க பொருள் ஒண்ணை வச்சிட்டுப் போங்க, ஒரு வாரம் இருக்கட்டும், அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதைச் சுத்தி சுண்ணாம்புக்கோடு போடுறேன், அங்கதான் இருக்கை. அவள் நினைத்தது கல், இலை, செங்கல் துண்டு, அந்த மாதிரி. ஊர் நினைத்தது வேறு. திங்கட்கிழமை விடிந்தபோது பார்க் முழுக்கத் துண்டு, கர்ச்சீப், குடை, டிபன் பை, ஒற்றைச் செருப்பு, கல் வைத்த தினத்தந்திப் பேப்பர், ஒரு ஹெல்மெட். கிளம்பப்போகிற பஸ் மாதிரி இருந்தது பார்க். ஒருத்தர் துபாயிலிருக்கிற மச்சினனுக்கும் சேர்த்து இடம் போட்டிருந்தார், அவர் வருவது தீபாவளிக்கு. மிருதுளா மலைத்துப்போய் எங்களிடம்தான் வந்து கேட்டாள். "அக்கா, எல்லாரும் ஏன் துண்டு வச்சிருக்காங்க?" அது இடம் போடுறது என்றேன். "ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் எடுத்துட்டா?" அதற்குப் பாத்திமுத்து, ஜவுளிக்கடையில் என் செக்‌ஷன்காரி, சோற்றுச் சம்படத்தை மூடிக்கொண்டே சொன்னாள், "எடுக்குறதா? எடுத்தா பஸ்ஸு கெளம்பாது தாயி, போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகும்." அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பொருள்கூடக் காணாமல் போகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மழை கொட்டியது. மறுநாள் பார்த்தால் யாரோ எல்லாத் துண்டையும் பிழிந்து, உதறி, அதே இடத்தில் திரும்ப விரித்திருந்தார்கள். என் கர்ச்சீப்பையும்.

என்னையே துண்டாகப் போட்டவர் என் அப்பா. முகூர்த்த நாள், பஸ் ஸ்டாண்டில் சாமி ஊர்வலம் போலக் கூட்டம், வண்டி நிற்பதற்குள் அப்பா என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே விட்டுவிட்டார். பாவாடை சட்டையோடு சீட்டில் போய் விழுந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிய பெரிய ஆட்கள், வேட்டி, கூடை, கோழி. அழுதுகொண்டே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர்கூட அந்த சீட்டில் உட்காரவில்லை. மீசைக்காரர் ஒருவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, யாரு புள்ளைப்பா இது, இடம் போட்டிருக்காங்கப்பா, என்று எனக்குக் காவல் காத்தார். அவருக்கும் உட்கார ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? இதெல்லாம் தெரிந்துகொண்டு இப்போது காலால் தள்ளு என்றால் கால் எப்படித் தள்ளும். சரி, தள்ளவில்லை என்றால் வெயில். வெயில் வேண்டாம் என்றால் தள்ள வேண்டும். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி இங்கேயே வருகிறது புத்தி. மிருதுளா நிமிர்ந்துவிட்டாள். மேடைப் பக்கத்துக் கோடு முடிந்துவிட்டது போல. வாளியைத் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் நடக்கிறாள்.

திங்கட்கிழமை நான் வந்தபோதே மரத்தடி முடிந்துவிட்டது. எங்களால் மத்தியானம்தானே வர முடியும். கடைக்குப் பின்வாசல் வழியாக வெளியே வந்தால் பார்க் சுவர், சுவரில் ஒரு சின்ன கேட், அவ்வளவுதான் எங்களுக்கு வெளியுலகம். சாப்பாட்டுக்கு அரைமணி கொடுக்கிறார்கள், மூன்றாம் மாடி பட்டு செக்‌ஷனிலிருந்து படி இறங்குவதிலேயே அதில் ஒரு பங்கு போய்விடும், லிஃப்டு, துணி எடுக்க வருகிறவர்களுக்குத்தான். கடைக்குள் எப்போதும் நின்றுகொண்டுதான். பெண்ணுக்குப் புடவை எடுக்க வருவார்கள், நாற்பது புடவை பிரித்துப் போடுவேன், மாப்பிள்ளை வீட்டு அத்தைக்குப் பிடிக்காது, இன்னொரு நாற்பது, அவர்கள் மெத்தையில் சாய்ந்து ரோஸ்மில்க் குடிப்பார்கள், நான் நிற்பேன். நிற்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. எங்களுக்கும் ஸ்டூல் வந்தது, பொய் சொல்லக்கூடாது. அதன்மேல் இப்போது ஜவுளி பொம்மையின் கழற்றிவைத்த கை இருக்கிறது. அதுவாவது உட்கார்ந்திருக்கிறதே என்பாள் பாத்திமுத்து. ராத்திரி வீட்டுக்குப் போனால் கெண்டைக்கால் நரம்பு பச்சைப் புழுப் போலச் சுருண்டு நிற்கிறது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார், பகல்ல நடுவுல ஒரு தடவையாவது உக்காரணும்மா, இல்லாட்டி ஆபரேஷன்தான். அந்த வார்த்தை சோற்றைப் பிசையும்போதெல்லாம் வருகிறது. மயக்க ஊசி, பச்சைத்துணி, விழிக்காமல் போனால்? அடச்சீ, நல்ல நாளும் அதுவுமாக என்ன நினைப்பு. ஒரு பெஞ்சு, அதுதான் வேண்டும் எனக்கு. நிழலில், சாய்ந்துகொள்ள முதுகு வைத்த ஒரு பெஞ்சு. நகை நட்டா கேட்கிறேன்.

இதே பார்க்கில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரே ஒரு முறை. கல்யாணமாகி அந்த வாரமே அவர் என்னை இங்கே கூட்டிவந்தார். அப்போது பேண்டு மேடையில் ஆறுமணிக்கு பேண்டு வாசிப்பார்கள், இரும்புத் தூணில் வெள்ளை பெயிண்டு, இந்த நீரூற்றின் மீன் வாயிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வரும். அவர் சுண்டல் வாங்கப் போனார். தனியாக உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். வாட்ச்மேன் கம்பைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டான், யாரும்மா நீ, யாருக்கு உக்காந்திருக்க, எந்திரி எந்திரி. மஞ்சள் காயாத தாலியை எடுத்துக் காட்டினேன். அவர் சுண்டலோடு ஓடி வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். அந்த ஆளுக்கு அது எத்தனையாவது விரட்டலோ, மறந்திருப்பான். நான்தான் அதற்கப்புறம் எங்கே பொது இடத்தில் உட்காரப் போனாலும் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பிறகு பேண்டு நின்றது, மீன் வாய் வறண்டது, குளத்தில் கட்டிட இடிபாடு, மேடையில் சீட்டாட்டம், கேட்டுக்குப் பூட்டு. எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் நகரத்துக்கு நடுவில் ஒரு புதர். பார்க்கிங் கட்டப்போகிறார்கள் என்று போன வருடம் ஒரு பேச்சு கிளம்பியது. அப்போதுதான் யாருக்கெல்லாமோ இந்தப் பார்க்கின்மேல் பாசம் பொங்கியது, எனக்கும்தான்.

பொங்கினது சும்மா பொங்கவில்லை, ஆறாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்வெட்டியோடு வந்தார்கள். நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஆளுக்கு நாலு கூடை சுமப்போம், சேலையைச் சொருகிக்கொண்டு, அழுக்குப் படாமல், பட்டால் தட்டிவிட்டுக்கொண்டு. குளத்துக்குள் இருந்த குப்பையை அள்ள அள்ள, அடியில் படிக்கட்டு வந்தது. அப்படி ஒரு படிக்கட்டு இருந்ததே யாருக்கும் ஞாபகம் இல்லை. வட்டமாக, வழவழவென்று, கல்லில் தாமரை செதுக்கி. படி தெரியத் தெரிய ஒவ்வொருவரும் கத்திய கத்தல் இருக்கிறதே, புதையல் எடுத்தால்கூட அப்படிக் கத்த மாட்டார்கள். பூக்கட்டுகிறவர்கள் ஒரு மூலை கேட்டார்கள், கேரம்போர்டு ஆட்கள் ஒரு மூலை, டியூஷன் பிள்ளைகள் விளக்கு வேண்டும் என்றார்கள், மிருதுளா எல்லாவற்றுக்கும் தலையாட்டி, தரையிலேயே குச்சியால் கிழித்துக் காட்டி, நீங்களே நடந்து பாருங்க, இடிக்குதா, அப்போ பாதை இங்க வேண்டாம், என்று கோட்டை அழிப்பாள். இப்படி ஒரு வேலையை நான் கண்டதில்லை. கடையில் எங்களைக் கேட்டா ரேக்கை மாற்றுகிறார்கள்? காலையில் போனால் பட்டு இருந்த இடத்தில் நைட்டி இருக்கும். இங்கே என்னிடம் வந்து, அக்கா உங்களுக்கு என்ன வேணும், என்று ஒருத்தி கேட்டாள். உட்காரணும் என்றேன், சட்டென்று வந்துவிட்டது வாயில், சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது. அவள் சிரிக்கவே இல்லை. சரிக்கா, எங்கன்னு நீங்களே காட்டுங்க, என்றாள். அன்று மாடிப்படி ஏறினதே தெரியவில்லை எனக்கு.

காட்டத்தான் கர்ச்சீப் போட்டேன். நிழல் இல்லை என்று தெரிந்தும் நிழலைத் தொட்ட மாதிரி இருக்கட்டும் என்று இங்கே போட்டேன். காலையில் மரத்தின் நிழல் நீரூற்று வரைக்கும் நீளும் என்கிறார்கள், காலையில் நான் இங்கே எங்கே இருக்கிறேன். குளத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு வந்துவிட்டது. இதோ வாளியைத் தூக்குகிறாள். பாத்திமுத்துவும் கடைக் கூட்டாளி சரோஜாவும் சுவரோரம் ஒட்டிக்கிடக்கிற கொஞ்சம் நிழலில் நின்றபடியே சாப்பிடுகிறார்கள், சம்படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. எத்தனை வருடமாக அப்படித்தான் சாப்பிடுகிறோம். பாத்திமுத்து இங்கே பார்த்துக் கையை ஆட்டுகிறாள், என்னடி சிலை மாதிரி, என்று கேட்கிற ஆட்டல். கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடலாம். கேட்கவே இல்லை என்று ஆகிவிடும், அது பழக்கமானதுதான். இல்லை, தள்ளலாம். துண்டுக்காரர் யாரையும் காணோம். இல்லை, இருக்கிறார், அதோ சங்கிலிமுத்து மரத்துக்கு அந்தப் பக்கம் குடையோடு நிற்கிறார், தன் துண்டுக்கெல்லாம் கோடு வரவில்லை என்றால் விடமாட்டார் போல. நிற்கட்டும். காலையில் ஜிலுஜிலுவென்ற நேரத்தில் வருகிறவருக்கு உச்சி நேரத்து நிழல் எதற்கு, வீட்டில் ஃபேனுக்கடியில் படுத்திருப்பவருக்கு இந்த மரம் எதற்கு, கேட்கிறேன், கேட்டே விடுகிறேன். கர்ச்சீப்பின் மேலிருந்த கல்லையெல்லாம் தட்டிவிட்டேன். எடுத்துவிட்டேன். நடக்கிறேன். கடைசித் துண்டு. செருப்பைக் கழற்றினேன், செருப்புக் காலோடு துண்டைத் தொடக்கூடாது என்று தோன்றியது, கொள்ளையடிக்கும்போதும் மரியாதை. பெருவிரல் பச்சைக்கரையில் பட்டுவிட்டது.

"ஏம்மா! ஏம்மா!" குடை ஆடிக்கொண்டே வருகிறது. சங்கிலிமுத்து ஓடி வருகிறார், அந்த வயதில் அப்படி ஓடுவது அந்தச் சங்கத்தின் பெருமைதான். வரட்டும் என்று நின்றேன். வந்ததும் அவரைப் பேச விடவில்லை. வாயைத் திறந்தேன், எத்தனை வருடத்து வாய் என்று தெரியவில்லை, எல்லாம் வந்தது. "சார், நான் தள்ளத்தான் வந்தேன். தள்ளுனா என்ன? மரம் என்ன ஒங்க சங்கத்துச் சொத்தா? மரத்தடி பூரா ஒங்க ஆளுகளே வளைச்சுப் போட்டா மத்தவிங்க எங்கிட்டுப் போறது? நாங்க காலையிலிருந்து நிக்கிறோம் சார். எங்களுக்கு இந்த அரைமணி நேரந்தான். அந்தா பாருங்க, சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுச் சோறு தின்றோம். நீங்க வெயிலே வராத நேரத்துல வந்துட்டுப் போறீங்க, ஒங்களுக்கு எதுக்கு சார் நெழலு?" மூச்சு வாங்கியது. அழுகை வரப்பார்த்தது, வரவிடவில்லை. மிருதுளா வாளியோடு ஓடி வந்து நடுவில் நின்றுவிட்டாள். சங்கிலிமுத்து குடையை மடக்கினார். எனக்கு அடுத்த வார்த்தை தயாராக இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கோபமாக இல்லை, மணியார்டரைக் கொடுக்க வந்தவர் முகவரிக்காரரைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

"ஏத்தா, எங்களுக்கு எதுக்கு நெழலு? அதைத்தான் நாங்களும் பேசுனோம்" என்றார். "இது எங்களுக்குப் போட்டது இல்ல. ஒங்களுக்குப் போட்டது." எனக்குப் புரியவில்லை. யாருக்கு என்றேன். "கடைப் பிள்ளைகளுக்குத்தான். நாங்க விடிய வர்றோம், வெயிலுக்கு முந்திப் போயிர்றோம். நீங்க மத்தியானந்தான வருவீங்க, அதுக்குள்ள எவனாச்சும் மரத்தடியப் புடிச்சிட்டான்னா? அதான் சங்கத்துல கூடிப் பேசி, எல்லாத் துண்டையும் கொண்டாந்து போட்டு வச்சோம். பஸ்ஸுல ஏறாதவங்களுக்குத்தானத்தா சன்னல் வழியா துண்டு போடுறது." அவர் குரல் இறங்கியது. "வாரம் பூரா கெடக்கு. மத்தியானம் எட்டிப் பாத்தா ஒருத்தியும் வந்து உக்காரல. சுவத்தோரமே நிக்கிறீங்க. எங்க மேல என்ன கோவமோன்னு எங்க ஆளுகளுக்கெல்லாம் மனசே சரியில்ல. மழையில நனைஞ்சப்பக்கூட புழிஞ்சு போட்டோம்." பெருவிரலை இன்னும் துண்டிலிருந்து எடுக்கவில்லை நான். "சொல்லியிருக்கக்கூடாதா சார்?" என்றேன். "துண்டு போட்டிருக்குத்தா, அதுக்கு மேல என்ன சொல்றது?" என்றார் அவர், நிஜமாகவே தெரியாமல். மிருதுளா அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், பாவம், இதை எந்தப் படிப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. அவருக்கும் வந்துவிட்டது, குடையை ஊன்றிக்கொண்டு குலுங்குகிறார். இடம் போட்ட துண்டைத் தொடக்கூடாது என்று நாங்கள் நின்றோம், போட்ட இடத்துக்கு யாரும் வரவில்லையே என்று அவர்கள் நின்றார்கள், நடுவில் மரம் மட்டும் ஒரு வாரமாக யாருக்கும் இல்லாத நிழலைக் கொட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஏ பாத்திமுத்து, ஏ சரோஜா, வாங்கடி இங்கிட்டு, என்று கத்தினேன். என் குரல்தானா அது, மேடை வரைக்கும் கேட்டிருக்கும்.

உட்கார்ந்தேன். துண்டின்மேல், மரத்தடியில், சுற்றிலும் ஒருமுறைகூடப் பார்க்காமல். முழங்கால் இரண்டும் கடக் கடக் என்று பேசின. தரை குளிர்ந்திருக்கிறது, உச்சி வெயில் நேரத்தில் ஒரு தரை இப்படிக் குளிர்ந்திருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாத்திமுத்து வந்து, அல்லாவே, என்று பெருமூச்சோடு பக்கத்துத் துண்டில் இறங்கினாள், சரோஜா அதற்கடுத்து, நகைக்கடை யூனிஃபார்மில் நாலைந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள், பாத்திரக்கடைக்காரிகள் வந்தார்கள், ஆளுக்கொரு பச்சைக்கரையில், சம்படத்தைத் திறக்கிற சத்தம், எலுமிச்சை ஊறுகாய் வாசனை, யாரோ வடை கொண்டுவந்திருக்கிறாள். சங்கிலிமுத்து ஓரமாகப் போய் நின்று, இங்கிட்டு ஒருத்தி உக்காரலாம், அங்கிட்டு ஒரு துண்டு காலியா இருக்கு, என்று கண்டக்டர் வேலை பார்க்கிறார். மிருதுளா வாளியைத் தூக்கிக்கொண்டு கோட்டை ஆரம்பித்துவிட்டாள், மரத்தைச் சுற்றி, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கோடு, சாய்மானம், அக்கா சாய அந்த இடம் போதுமா, கொஞ்சம் பின்னால தள்ளு தாயி, இப்போ? இப்ப சரி. எனக்குக் கெண்டைக்காலில் ரத்தம் திரும்பி ஓடுவது தெரிகிறது, எறும்பு ஊர்வது போல, சுகமாக. கண்ணை மூடிக்கொண்டேன். பையில் போன் அடிக்கிறது, மேலேயிருந்து ஃப்ளோர் மேனேஜராகத்தான் இருக்கும், அடிக்கட்டும். கோடு என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். மிருதுளா குத்தவைத்துக்கொண்டு என் காலைப் பார்க்கிறாள். எப்போது நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, இரண்டு காலும் மரத்தின் நிழல் முடிகிற இடம் வரைக்கும் நீண்டு கிடக்கிறது, மாம்பழச் சேலை, வெடித்த குதிகால், எல்லாம் ஊர் பார்க்க. "அக்கா, காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கிறீங்களா? கோடு நேரா வந்துடும்" என்றாள்.

கேட்டது நல்ல பிள்ளை, நியாயமான கேள்வி, மடக்கக் கால் தானாக ஒரு அசைவு அசைந்தது, என் பழக்கம் அது. நிறுத்தினேன். "மாட்டேன் தாயி" என்றேன். "சுத்திப் போடு." மிருதுளா தூளைக் கையில் அள்ளிக்கொண்டு, என் குதிகாலைத் தொட்டும் தொடாமலும், கோட்டை வெளியே கொண்டுபோய்ச் சுற்றினாள்.